ஆய்வுக்குப் போன மெஷின்

நம் டாக்டர்கள் சங்கத்தின் போன கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. “சொல்லாம கொள்ளாம வந்து நிக்காங்க. நாம என்ன திருடனா?” பேசியவர் யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று தெரியும். நம் சங்கத்தின் ஆய்வுக்குழு முன்கூட்டிச் சொல்லாமல் உங்கள் கிளினிக் வாசலில் வந்து இறங்குகிறது. நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அலமாரியைத் திறந்து காட்டச் சொல்கிறது. எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். திட்டுவதானால் ஆளைத் தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

எனக்கு நிதானமாக உட்கார்ந்து பேச வராது. பசுவந்தனையில் முப்பது வருஷம் கிளினிக் நடத்திவிட்டு, போன வருஷம்தான் இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்தேன். வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்பதெல்லாம் பேச்சுக்கு. காலை ஒன்பது மணியானால் கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. தெருவில் ஆட்டோ வேகமாக வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். எழுதச் சொன்னாலாவது ஓரிடத்தில் இருப்பேன் என்று நினைத்தோ என்னவோ, செயலாளர் சங்க இதழில் எனக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து நடந்தாகிவிட்டது.

சங்கம் தொடங்கிய காரணம் எளிது. கோவில்பட்டியை விட்டுக் கிழக்கே கிளம்பினால் கடல் வரைக்கும் கரிசல் காடுதான். பாம்பு கடித்தாலும், நெஞ்சு வலித்தாலும், கதிரடிக்கிற மெஷினில் கை சிக்கினாலும், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை அந்த முதல் அரைமணி நேரத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்த நாங்கள் அதற்காகச் சேர்ந்தோம். தகுதியான இடத்துக்குச் சங்கம் ஒரு சிவப்பு போர்டு தரும். போர்டு தொங்கினால் உள்ளே ஆக்சிஜன் உண்டு, பாம்புக்கடி மருந்து உண்டு, தொண்டையில் கட்டுகிற சளியையும் நுரையையும் உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் மெஷின் உண்டு என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சிவப்பு தெரியும். “செகப்பு போர்டு ஆஸ்பத்திரிக்குப் போ” என்றுதான் காட்டில் சொல்வார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு நடக்கும். அப்போதெல்லாம் பத்து நாள் முன்னால் கடிதம் போகும். பெண் பார்க்க வருகிற வீட்டில் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு நாற்காலி வரும், எதிர்வீட்டு வெள்ளித் தம்ளர் வரும். எங்களிடமும் அதுதான் நடந்தது. ஒருவரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருக்கும். அடுத்த ஊர்க்காரர் அனுப்பிவைப்பார். அவரிடம் பாம்புக்கடி மருந்து தீர்ந்திருக்கும், இன்னொருவர் கொடுத்துவிடுவார். ஆய்வு முடிந்ததும் திரும்பிப் போய்விடும். எங்களுக்குள் அந்த நாளுக்குப் பேரே ‘பொண்ணு பார்க்கிற நாள்’தான். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்குத்தானே சங்கம் என்று சொல்லிக்கொண்டோம்.

நானும் சொன்னேன். நான் வெறும் உறுப்பினர் இல்லை, ஆய்வு செய்கிறவள். ஒரே வாரத்தில் ஒரே சிலிண்டரை மூன்று ஊரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் கழுத்தில் பச்சை பெயின்ட் வழிந்திருக்கும். மூன்றாவது ஊரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டால் நியாயமும் வைத்திருந்தேன். கண்டிப்பாக இருந்தால் அந்த டாக்டர் போர்டை இழப்பார், மனசு விட்டுக் கிளினிக்கை மூடிவிட்டு டவுனுக்குப் போய்விடுவார், அந்த ஊருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். அரைகுறையாக இருந்தாலும் ஒரு டாக்டர் இருக்கட்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் முழுத்தப்பு என்று சொல்ல மாட்டேன். அதுதான் என்னைப் படுத்துகிறது.

ஒரு கார்த்திகை மாதம் குளத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் ஆய்வு. அங்கே கிளினிக் வைத்திருந்தவர் நல்ல டாக்டர், கைராசிக்காரர். அவருடைய சக்‌ஷன் மெஷின் ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்காக வரவில்லை. இரண்டு நாள் முன்னால் எனக்கு போன் செய்து, “மேடம், உங்க மெஷினை ஒரு நாளைக்குத் தர முடியுமா?” என்று கேட்டார். ஆய்வுக்கு வருகிறவளிடமே கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை. ஆய்வுக்குப் போகும்போது நானே என் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுபோனேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த ஓணான் நான்தான்.

கிளினிக்கில் சிஸ்டர் பாக்கியத்தை விட்டுவிட்டுப் போயிருந்தேன். பாக்கியம் என்னோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, “இன்னைக்கே வந்துருமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

காலை பதினொன்றரை இருக்கும். அந்த டாக்டரின் அறையில் நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் மெஷினுக்குக் கைப்பிடி உடைந்து, சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அதை ஓட்டிக் காட்டினார். நானும் குனிந்து பார்த்து, ‘சக்‌ஷன் மெஷின்: உள்ளது, இயங்குகிறது’ என்ற இடத்தில் டிக் போட்டேன். என் மெஷினை நானே ஆய்வு செய்து தேர்ச்சி கொடுத்தேன். அப்போது போன் அடித்தது.

“அம்மா, நம்ம பெருமாள்சாமி அண்ணாச்சிய கொண்டாந்திருக்காவ. மக்காச்சோளத்துக்கு மருந்து அடிச்சிருக்காவ. முதுகுல தொங்குன டேங்க் ஒழுகி மேலெல்லாம் மருந்து. வாயில நுரை தள்ளுது. கண்ணுப் பாப்பா ஊசிமுனை கணக்கா இருக்கு.”

பெருமாள்சாமியை எனக்குத் தெரியும். எங்கள் கிளினிக்குக்கு இரண்டு மைல் தள்ளி நிலம் வைத்திருப்பவர். அவர் மனைவி ராமலட்சுமிக்கு இரண்டு பிரசவத்துக்கும் நான்தான் கூட இருந்தேன்.

“துணியைக் கழற்றிக் கழுவு. ஊசியை ஆரம்பி.”

“கழுவியாச்சு. ஊசியும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆக்சிஜன் வச்சிருக்கேன். நுரை நிக்கல, மூச்சு கொரகொரங்குது.”

“சக்‌ஷன் போடு பாக்கியம்.”

“மெஷின் ஒங்ககிட்டல்லாம்மா இருக்கு.”

மெஷின் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் அவருக்கும் போனில் கேட்டிருக்கும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எட்டயபுரம் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. திரும்பிவர நேரமாகும் என்று பாக்கியம் விசாரித்து வைத்திருந்தார். கோவில்பட்டியில் எங்கள் சங்கத் தலைவரின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மூச்சுக்கு மெஷின் வைக்கிற வசதி எல்லாம் உண்டு, வண்டி கிடைத்தால் அரைமணி நேரம். நான் இருந்த இடத்திலிருந்து பசுவந்தனைக்கு, எப்படி ஓட்டினாலும் ஒரு மணி நேரம். கணக்குத் தெரியாத குழந்தையும் சொல்லும், நோயாளியை உடனே கோவில்பட்டிக்கு ஏற்று என்று.

நான் சொன்னது வேறு. “அங்கேயே வைத்துக்கொள். மெஷினோடு நான் வந்துவிடுகிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வழியில் நுரை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பாதி. அது மருத்துவ நியாயம். புத்தகத்தில் தேடினால் கிடைக்கும். மீதிப் பாதி புத்தகத்தில் இல்லை. தலைவர் வாசலுக்கு வந்து, “சிவப்பு போர்டு வச்சிருக்கீங்க, சக்‌ஷன் போடாம அனுப்பிருக்கீங்களே” என்று கேட்பாரே என்று நினைத்தேன். ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் எனக்கு முகம் பெரிதாகத் தெரிந்தது. இதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

“ஒரு மணி நேரமாம்மா?” என்று கேட்டார் பாக்கியம். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஓட்டப்பிடாரம் வழியாக வந்தேன். முதல்நாள் மழை பெய்து ரோட்டோரமெல்லாம் கரிசல் சொதசொதவென்று கிடந்தது. ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஆடுகளுக்கு என் அவசரம் புரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்த இடத்தில் நின்றபோதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. உடனே கோவில்பட்டிக்கு ஏற்றச் சொல்ல, பாக்கியத்துக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. உயிர் போய்விட்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்று முடிவே செய்துவிட்டேன். பின்சீட்டில் மெஷின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறிக் குதித்துக்கொண்டு வந்தது.

கிளினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர், பூச்சிமருந்து நெடி. ஒரு வாளியில் பெருமாள்சாமியின் கட்டம்போட்ட சட்டை மிதந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அது வழக்கமாக இருக்கும் மேசையில் வைத்து, பிளக்கைச் சொருகி, பொத்தானை அமுக்கினேன். நன்றாக ஓடியது. ஆளில்லாத அறையில் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “கோவில்பட்டிக்கில்லா கொண்டு போயிட்டாவ. அப்பவே போயாச்சே.”

“எதில்?”

“உரமூடை ஏத்த வந்த குட்டியானைய மறிச்சு, மெத்தையோட தூக்கிப் போட்டு, சிஸ்டரும் ஏறிக்கிட்டாவ.”

பிறகு தெரிந்தது இதுதான். என் போனை வைத்த அடுத்த நிமிஷம் பாக்கியம் ரோட்டுக்கு ஓடி அந்தச் சின்ன லாரியை நிறுத்தியிருக்கிறார். பெருமாள்சாமியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ராமலட்சுமியிடம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெரிய ஊசிக்குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, வழி நெடுக நுரையைக் கையாலேயே உறிஞ்சி உறிஞ்சி வெளியே பீய்ச்சிக்கொண்டு போயிருக்கிறார். நடுவில் நரம்பில் மருந்தும் ஏற்றியிருக்கிறார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால்தான் போனை எடுக்கவில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நான் போய் இறங்கியபோது அவர் சுவரோரமாக நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சேலை முழுக்க நுரையும் மருந்து நெடியும். உயிர் இருக்கிறது, உள்ளே மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. கோபம் போலத்தான் வெளியே வந்தது.

“அங்கேயே வைத்துக்கொள் என்று சொன்னேனே?”

பாக்கியம் குழாயை மூடினார். “எதுக்க நின்னு பாத்திருந்தீங்கன்னா நீங்களும் அப்படிச் சொல்லிருக்க மாட்டீங்கம்மா. பாத்திருந்தா என்ன சொல்லுவீங்களோ, அதைச் செஞ்சேன்.”

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் பாடம் ஒன்று உண்டென்றால் அந்த ஒரு வார்த்தைதான். நோயாளிக்கு முன்னால் நிற்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். போனில் இருக்கிறவர் நீங்களாகவே இருந்தாலும், எவ்வளவு பெரிய டாக்டராகவே இருந்தாலும், முன்னால் நிற்கிறவரின் கண்ணுக்கு அடுத்ததுதான் உங்கள் படிப்பு.

தலைவர் வெளியே வந்தார். “ஊசிக்குழாயால உறிஞ்சிக்கிட்டே வந்திருக்காங்க ஒங்க சிஸ்டர். நாங்க யாரும் அப்படிப் பண்ணிருப்பமான்னு தெரியல. ஏன், மெஷின் ரிப்பேரா?”

“ஆமாம்” என்றேன். அது முதல் பொய். பாக்கியம் என்னைப் பார்க்காமல் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

பெருமாள்சாமி பிழைத்துவிட்டார். ஒன்பது நாள் மூச்சு மெஷினில் இருந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் கையில் நடுக்கம் இருந்தது; தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். வழியில் சளி கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருந்ததால்தான் அவ்வளவு நாள் இழுத்தது என்றார் தலைவர். மெஷின் அதன் மேசையில் இருந்திருந்தால் போயிருக்காது. இதைத் தலைவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

சங்கத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது எல்லாவற்றுக்கும் பிறகு நடந்ததுதான். ஆனால் கடைசியில் வைத்தால் நான் என்னவோ பெரிய காரியம் செய்தவள் போல ஆகிவிடும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். இனி ஆய்வு சொல்லாமல்தான் வரவேண்டும் என்றேன். சத்தம் கிளம்பியது. “ஒங்க மெஷினை நீங்கதான மேடம் கொண்டு போனீங்க? இப்ப எங்களுக்கு வந்து சட்டம் போடுதீங்க?” என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். என் கிளினிக் போர்டைக் கழற்றிக் காரில் கொண்டுவந்திருந்தேன், மேசையில் வைத்தேன். இரண்டு பேர் எழுந்து போய்ச் சங்கத்தை விட்டே விலகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் குளத்தூர்ப் பக்கத்து டாக்டர். அடுத்த வருஷம் கிளினிக்கையும் மூடிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனார். நான் பயந்தது அப்படியே நடந்தது. அந்த ஊருக்கு இன்றைக்கும் டாக்டர் கிடையாது. விதி சரியா என்று கேட்டால் சரிதான் என்பேன். ஆனால் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

கூட்டத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனது மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அது பாட்டுக்குக் குறுகுறுத்துக்கொண்டு கிடந்தது. நான் பாட்டுக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளியது ராமலட்சுமி.

பெருமாள்சாமி வீடு திரும்பி ஒரு வாரம் இருக்கும். ராமலட்சுமி ஒரு மஞ்சப்பையில் மொச்சைக்காய் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பாக்கியத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாக்கியம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ராமலட்சுமி என்னிடம் திரும்பினாள்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு அந்த உறியுத மெஷின் வேற ஊருக்கு அவசரமாப் போயிருக்குன்னு சிஸ்டர் சொன்னாவ.”

“ஆமாம்.”

“அங்கன யாருக்கு முடியாம இருந்துச்சு? அவிய பொழைச்சிட்டாவளா?”

அவள் குத்திக் கேட்கவில்லை. முகத்தில் அதற்கான சுவடே இல்லை. தன் புருஷனுக்குக் கிடைக்காமல் போன ஒன்று இன்னொருவருக்குக் கிடைத்திருக்கிறது, அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

“பொழைச்சிட்டாங்க” என்றேன்.

“நல்லதும்மா. அவியளுக்காவது அந்நேரத்துக்கு ஒதவுச்சே” என்றாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்த்தேன், யாருக்கு என்ன எழுதிக்கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. ராமலட்சுமியை சமாதானப்படுத்த பாக்கியம் லாரியில் வைத்துச் சொன்ன பொய்யை என்னால் மன்னிக்க முடிந்தது. அவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டே சொன்ன பொய் அது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

மறுநாள் காலை கிளினிக்கைத் திறக்காமல் நேரே அவர்கள் காட்டுக்குப் போனேன். ராமலட்சுமி பாசிப்பயறு நெற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி வேப்பமரத்து நிழலில் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். இருக்கச் சொல்லிவிட்டு வரப்பில் நடந்து அவளிடம் போனேன். செருப்பில் கரிசல் அப்பி, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது.

“ராமலட்சுமி, நேற்று நான் சொன்னது பொய். அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லா மெஷினும் இருக்கிறதா என்று பார்க்கிற நாள் அது. அந்த டாக்டரிடம் மெஷின் இல்லை. இருக்கிற மாதிரி காட்டுவதற்காக நம் மெஷினைக் கொண்டுபோனேன். நான்தான் கொண்டுபோனேன்.”

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. புரிந்ததா என்று தெரியாமல் இன்னொரு தடவை சொல்லலாமா என்று பார்த்தேன்.

“யாருமே இல்லையா?” என்றாள்.

“யாரும் இல்லை.”

மடியில் சேர்ந்த நெற்றைச் சாக்கில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆஸ்பத்திரியில ஒம்போது நாளும் இவியளுக்கு வேண்டும்போதெல்லாம் அவியளுக்கும் சேத்துல்லா வேண்டிக்கிட்டுக் கெடந்தேன். பேரு தெரியலைன்னு, ‘அந்த ஊர்ல கெடக்கவியளயும் காப்பாத்து’ன்னு சொல்லி வேண்டுனேன்.”

குனிந்து அடுத்த செடிக்குப் போனாள். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.